உப்புப் பில்லையும் இலவம்பஞ்சும்

நண்பர் ஒருவர் கோவளம் பக்கம் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று பார்த்துக் கிளம்புவார், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் அவருடைய லைஃப் ஜாக்கெட் பிரிந்து கிடந்தது. கழுத்திலிருந்து மாலைபோல் தொங்கும் ஒல்லியான ரகம். தண்ணீரில் விழுந்தால் தானே உப்பிக்கொள்ளும். யாரோ பயன்படுத்தியதைப் பாதி விலைக்கு வாங்கியது. உள்ளேயிருந்த விரல் நீளச் சிலிண்டரைத் திருகிக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“கண்ணாடி போடாம எனக்குத் தெரியல. இதுல என்ன வெயிட் போட்டிருக்குன்னு பாருங்க.”

147 கிராம் என்று பொறித்திருந்தது. அவர் மனைவி கேக் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்தோம். 114 காட்டியது. தராசின் மேல் சந்தேகம் வந்து அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தோம். தராசில் குறையில்லை.

காணாமல்போன 33 கிராம்தான் அந்தச் சிலிண்டரில் இருந்திருக்க வேண்டிய மொத்த கார்பன் டை ஆக்சைடு. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ ஒருமுறை ஜாக்கெட்டை உப்பவிட்டு, பிறகு காயவைத்து மடித்து, காலிச் சிலிண்டரையே திரும்பத் திருகி வைத்திருக்கிறார். நண்பர் இரண்டு வருஷமாக அந்த இரும்புத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போய்வந்தார்.

மிக்ஸி கெட்டால் மறுநாள் சட்னி அரைக்கும்போது தெரிந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. பல வருஷம் சும்மா தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு நாள், சில நொடிகள் வேலை செய்ய வேண்டும். அந்தச் சும்மா தொங்கும் காலத்தில்தான் அது கெடுகிறது.

அதன் வேலை என்ன என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். தரையில் 70 கிலோ நிற்கும் ஆள் கழுத்துவரை தண்ணீருக்குள் இருக்கும்போது, தலையை மட்டும் வெளியே நிறுத்தத் தேவைப்படும் கூடுதல் தூக்கல் மூன்று முதல் ஐந்தரைக் கிலோதான். மளிகைக் கடையில் பையில் போட்டுத் தரும் அரிசியின் எடை! பருமனானவர்களுக்கு இன்னும் குறைவு, ஒல்லியாகத் தசை முறுக்கோடு இருப்பவர்களுக்கு அதிகம். கொழுப்பு மிதக்கும், தசை மிதக்காது. ஜிம்முக்குப் போகிறவர்கள் குளத்தில் இறங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜாக்கெட்டின் உள்பக்கத் துணியில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது நியூட்டன் கணக்கு. பத்து நியூட்டனை ஒரு கிலோ தூக்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். 50 என்பது கரையோரமாக நீந்தத் தெரிந்தவருக்கு. 100 அமைதியான நீர்நிலைக்கு. கடலுக்குப் போனால் 150. கனத்த உடையும் கருவிகளும் அணிந்து கொந்தளிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு 275. ஐந்து கிலோ போதும் என்று சொல்லிவிட்டு ஏன் பதினைந்து என்று கேட்கலாம். மயங்கிக் குப்புற விழுந்தவரைத் தலையை மட்டும் தூக்கிவிட்டால் போதாது, மல்லாக்கப் புரட்டியும் ஆக வேண்டும். அதற்காகத்தான் மிதப்பின் பெரும்பகுதியை மார்பிலும் பிடரியிலும் வைக்கிறார்கள். முதுகில் ஒன்றும் இருக்காது. உடம்பின் கனம் ஒரு பக்கம் கீழே இழுக்க, மிதப்பு மறுபக்கம் மேலே தள்ள, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு திருகல் பிறக்கிறது. 50 நியூட்டன் ஜாக்கெட்டை நம்பி இந்தப் புரட்டலை எதிர்பார்க்கக் கூடாது.

வார் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். தண்ணீரில் மேலே போவது ஜாக்கெட் மட்டுமாக இருக்கும். ஆள் அதன் வழியாகக் கீழே நழுவுவார். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் அளவை மாட்டிவிடும்போது இதுதான் நடக்கிறது. சரிபார்க்க ஒரு நிமிஷம் போதும்: மாட்டி இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அந்த ஜாக்கெட் அந்த ஆளுக்கு உரியதல்ல. குழந்தைக்கான ஜாக்கெட்டில் தொடைகளுக்கு நடுவே போகும் வாரும், பிடரியில் தூக்கிப் பிடிக்க ஒரு கைப்பிடியும் இருக்க வேண்டும். அளவை வயதை வைத்துப் பார்க்கக் கூடாது, எடையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மலையூர் ஏரி ஒன்றில் குடும்பத்தோடு படகேறினேன். ஆளுக்கொரு ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தார்கள். வெயிலில் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. எனக்கு வந்ததில் கிளிப் உடைந்து, வாரை முடிச்சுப் போட்டிருந்தது. காட்டினேன். “சும்மா மாட்டிக்குங்க சார், இறங்கும்போது குடுத்துடுங்க” என்றார் படகுக்காரர். திரும்பியதும் அந்த ஜாக்கெட்டுகளைக் குவித்து அதன்மேல் ஒருவர் படுத்துக்கொண்டார். மெத்தென்றுதான் இருந்திருக்கும்.

ஃபோம் ஜாக்கெட்டுக்கு அந்தத் தூக்கம் நல்லதல்ல. உள்ளே இருக்கும் ஃபோம் லட்சக்கணக்கான மூடிய குமிழ்களால் ஆனது. மிதப்பதெல்லாம் அந்தக் குமிழ்க் காற்று. மேலே உட்கார உட்கார, மூட்டை அடுக்க அடுக்க, குமிழ்கள் நசுங்கும். கனஅளவு குறைந்த அளவுக்கு மிதப்பும் குறையும். வெயிலின் புற ஊதாக் கதிர் துணியையும் தையல் நூலையும் இற்றுப்போகச் செய்யும். நிறம் வெளுப்பது அதன் முதல் அறிகுறி. ஓரத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் பிரிகிறதா என்று பாருங்கள். ஃபோமை அழுத்திவிட்டு விட்டால் எழுந்து வருகிறதா, அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட உறுதியான சோதனை, பழைய மளிகைக் கடை ஐந்து கிலோ எடைக்கல். இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் ஏழில் ஒரு பங்கை இழக்கும். எனவே அந்தக் கல் உள்ளே 4.3 கிலோ சுமையாகத்தான் தொங்கும். 50 நியூட்டன் ஜாக்கெட்டில் கட்டித் தொட்டியில் விட்டால் மிதந்தாக வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுப்பாருங்கள். கப்பல்களுக்கான சர்வதேச விதியே, 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்த பிறகும் ஜாக்கெட்டின் மிதப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. காலையில் கல் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தால், அதை அணியப்போகிறவரும் அங்கேதான் போவார்.

ஃபோமுக்கு முன்பு தக்கை. 1854இல் ஜான் ராஸ் வார்டு என்ற கப்பல் தலைவர் பிரிட்டனின் மீட்புப் படகு ஊழியர்களுக்காகத் தக்கைத் துண்டுகளைத் துணியில் தைத்து ஒரு சட்டை வடிவமைத்தார். கனமாகவும் கைக்கு இடைஞ்சலாகவும் இருக்கிறது என்று பலர் அதைத் தொடவில்லை. 1861 பிப்ரவரி 9ஆம் தேதி விட்பி துறைமுகத்தில் புயலில் கப்பல்கள் தத்தளிக்க, மீட்புப் படகு திரும்பத் திரும்பப் போய்வந்தது. கடைசித் தடவை கவிழ்ந்தது. படகிலிருந்த பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பிழைத்த ஒருவர் ஹென்றி ஃப்ரீமன். புதிய தக்கைச் சட்டையை அணிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அதே தக்கை, பராமரிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1904 ஜூன் 15 சாட்சி. நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற நீராவிப் படகு, தேவாலயச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட ஜெர்மானியக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போகையில் தீப்பிடித்தது. ஜாக்கெட்டுகள் இருந்தன, ஆயிரக்கணக்கில் இருந்தன. 1891 முதல் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் தொங்கியவை. துணி தொட்டால் கிழிந்தது. உள்ளே தக்கை பொடியாகிக் கிடந்தது. தாய்மார்கள் அதைக் குழந்தைகளுக்குக் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள், கண்ணெதிரே மூழ்கின. அன்று இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். ஒரு மாதத்துக்கு முன்புதான் ஓர் ஆய்வாளர் படகைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

தக்கைக்குப் பிறகு வந்தது நம்மூர் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு: இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர் மெத்தையில் இருப்பதேதான். இலவம் இழை உள்ளே குழலாக இருக்கும், பெரும்பகுதி காற்று. வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. தன் எடையைப்போல் முப்பது மடங்கு வரை தூக்கும். இலவு காத்த கிளிக்குப் பஞ்சு ஏமாற்றம். கப்பல் கவிழ்ந்த மாலுமிக்கு அதே பஞ்சு உயிர். உலகத்துக்கான இலவம்பஞ்சில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்குப் பஞ்சு நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வயல்வரப்புக்கு அனுப்பி, நம் எருக்கஞ்செடிக்கு உறவுக்காரச் செடி ஒன்றின் காய்களை மூட்டை மூட்டையாகப் பொறுக்கச் செய்தார்கள். இரண்டு பை காய்க்கு ஒரு ஜாக்கெட் என்று கணக்கு. எருக்கம்பஞ்சை ஊதி விளையாடிய யாருக்கும் அது எப்படி மிதக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இலவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய் பட்டால், அல்லது நாள்பட நசுங்கினால், மெழுகும் குழலும் போய் வெறும் பஞ்சாகிவிடும். மூழ்கும் கப்பலைச் சுற்றி எண்ணெய்தானே மிதக்கும்? அதனால் பஞ்சைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தார்கள். பையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் மறுபடி பழைய கதை.

இனி, நண்பரின் மேசைக்கு. தானே உப்பும் ஜாக்கெட்டின் இருதயம் ஒரு பில்லை. சில தயாரிப்பில் உப்பு, சிலவற்றில் இறுக்கிய காகிதக்கூழ். சுருட்டி வைத்த ஸ்பிரிங்கை அந்தப் பில்லைதான் தடுத்து நிறுத்துகிறது. தண்ணீர் பட்டால் பில்லை கரையும், ஸ்பிரிங் விடுபடும், ஊசி பாய்ந்து சிலிண்டர் வாயைக் குத்தும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் சுமார் 24 லிட்டர் இடம் பிடிக்கும். 33 கிராமுக்கு 18 லிட்டர். பதினெட்டு லிட்டர் பையொன்று தண்ணீரில் ஒதுக்குவது பதினெட்டுக் கிலோ தண்ணீர். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைக் கழித்தால் 150 நியூட்டன் ஜாக்கெட்டுக்கு வந்து நிற்கிறது. சிலிண்டரை நிறுப்பது ஏன் இவ்வளவு நேர்மையான சோதனை என்பது இப்போது புரியும்: கிராம் குறைந்தால் லிட்டர் குறையும், லிட்டர் குறைந்தால் கிலோ குறையும்.

நம் ஊருக்கு இந்தப் பில்லை சற்றுச் செல்லப்பிள்ளை. ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி தானே கசியும் அல்லவா? ஈரக் கயிறோடும் நனைந்த துண்டோடும் ஜாக்கெட்டை மூடிய பெட்டியில் போட்டுவைத்தால், ஆளில்லாத நேரத்தில் அதுவே உப்பிவிடலாம். பில்லை அலகின்மேல் காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் மூன்று வருஷம். காற்றின் ஈரத்துக்கு அசையாத வேறொரு ரகமும் உண்டு. சுமார் பத்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் வந்தால்தான் அது திறக்கும். விலை கூடுதல். அலை தெறிக்கும் படகின் முன்பக்கத்தில் வேலை செய்கிறவர் கொடுக்கத் தயங்கக் கூடாத கூடுதல் அது.

காற்றுப் பையைச் சோதிக்கச் சிலிண்டரை வீணாக்க வேண்டாம். வாய்க் குழாய் வழியாக நிரப்பி ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஊதுவதைவிடப் பம்பு நல்லது. மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். நிஜமாகத் தண்ணீரில் விழுந்து சிலிண்டர் திறந்து பை உப்பினாலும் அந்த வாய்க் குழாய்க்கு வேலை இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும். நேரம் ஆக ஆகப் பை தொய்ந்தால் ஊதி நிரப்பிக்கொள்ள வேண்டும். திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்கக் கூடாது. பட்டுப்புடவையை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி மடிப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்.

எதை வாங்குவது? ஏரிக்கும் காயலுக்கும், விருந்தாளிகளுக்கும், நீந்தத் தெரியாதவர்களுக்கும், குழந்தைகளுக்கும் ஃபோம்தான். வெயிலில் வியர்க்கும், படத்தில் அழகாக வராது, ஆனால் அதில் கரையவோ குத்தவோ ஒன்றுமில்லை. உப்பும் ஜாக்கெட் ஒரு இயந்திரம். வருஷம் இரண்டு தடவை பிரித்துப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கே அது. மூடிய அறையுள்ள படகுக்குள் அதை அணிவதும் ஆபத்து. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமோரோஸ் தீவுகளருகே கடலில் இறங்கியபோது, ஜாக்கெட்டை உள்ளேயே உப்பவிட்ட பயணிகள் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போனார்கள்.

எதை வாங்கினாலும் இருக்கைக்கு அடியில் கிடந்தால் அது சரக்குதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டைத் தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஜாக்கெட் அணிந்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அவர்களில் 85 சதவீதம் பேர் ஜாக்கெட் அணியாதவர்கள். நன்றாக நீந்துவேன் என்பவர்களுக்கு ஒன்று: மலையேரிக் குளிர்நீரில் திடீரென விழுந்தால் முதலில் வருவது தன்னிச்சையான ஒரு மூச்சிழுப்பு. வாய் அந்த நேரம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் திறமையைக் காட்ட வாய்ப்பே கிடைக்காது.

மற்ற பாதுகாப்புச் சாதனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிப்புற எஞ்சின் வைத்த படகில் ஓட்டுபவரின் காலில் கட்டும் சுருள் கயிறு ஒன்று உண்டு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நிற்கும். கட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர்மேலேயே வரும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதை இழுத்து எஞ்சின் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். கையில் பிடிக்கும் சிவப்பு ஒளிக்குச்சி ஒரு நிமிஷம் எரியும். பாராசூட் ராக்கெட் முந்நூறு மீட்டர் உயரம் போய் நாற்பது நொடி தொங்கும். இவற்றின் காலாவதி பெரும்பாலும் மூன்று, மூன்றரை வருஷம். போன தீபாவளி மிச்சப் பட்டாசு எப்படி நமுத்துப்போகும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விசிலும் சின்னக் கண்ணாடியும் நமுக்காது. இரண்டையும் ஜாக்கெட்டிலேயே கட்டி வையுங்கள். கைபேசியை நீர்புகாப் பையில் போட்டு, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் கரையைவிட்டுச் சில மைல் போனதும் சிக்னல் விடைபெற்றுவிடும்.

அதற்கப்பால் பேசுவது செயற்கைக்கோள். 2018 செப்டம்பர் 21 அன்று, தனியே உலகைச் சுற்றிவரும் பந்தயத்தில் இருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. அவர் முதுகெலும்பில் அடி, எழ முடியவில்லை. பெர்த்திலிருந்து 1,900 கடல் மைல் தள்ளிக் கிடந்த அவரை 24ஆம் தேதி ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்தது. படகிலிருந்த அவசர ஒலிபரப்பி அவர் இருக்குமிடத்தைச் சொல்லியிருந்தது. இந்த ஒலிபரப்பிகள் 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும். மேலே 1982 முதல் இயங்கும் சர்வதேசச் செயற்கைக்கோள் வலை கேட்கும். இந்தியப் பகுதிக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இருக்கிறது. வாங்கியவர் பெயரிலும் படகின் பெயரிலும் அதைப் பதிவு செய்ய வேண்டும். செகண்ட் ஹேண்டாக வாங்கினால் பழைய முதலாளியின் வீட்டுக்குத்தான் போன் போகும். பேட்டரித் தேதி பெட்டியின்மேலேயே இருக்கும்.

நண்பர் புதுச் சிலிண்டரும் பில்லையும் வரவழைத்தார். பொருத்துவதற்கு முன் காற்றுப் பையைப் பார்த்துவிடலாம் என்று, பேத்தியின் பிறந்தநாள் பலூன் பம்பால் நிரப்பி ஹாலில் வைத்தார். மறுநாள் காலை எனக்குப் போன். “வாங்க, ஒண்ணு காட்டறேன்.”

பை தொய்ந்து கிடந்தது. மறுபடி நிரப்பி, துணி ஊறவைக்கும் டப்பில் அமுக்கினோம். கழுத்து வளைவில், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் மடிந்த கோட்டிலிருந்து, கடுகு கடுகாகக் குமிழ் வந்துகொண்டிருந்தது.

“ஒட்டிப் பாக்கலாமா?” என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்தார். விசிலையும் தொடை வாரையும் கழற்றி வைத்துக்கொண்டு, பையை நடுவில் குறுக்காக வெட்டினார். இன்னொரு வெட்டு. பிறகுதான் குப்பைத்தொட்டியில் போட்டார், மேலே தெரியும்படி.